வராதவர் பேரில்

ரயில் பெட்டியின் மேல் பலகையில் ஒரு வருக்கச் சக்கை இருக்கிறது. பலாப்பழத்தை எங்கள் பக்கம் சக்கை என்றுதான் சொல்வோம். சாக்குக்குள் திணித்து வாயைச் சணல் கயிற்றால் கட்டி, காம்பில் வடியும் பால் கீழே இருப்பவர் தலையில் சொட்டாமலிருக்க அடியில் பழைய பத்திரிகையை மடித்து வைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போகும் சாயங்காலப் பாசஞ்சர் அது. பாலராமபுரம் தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருந்த அண்ணன் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொண்டையைச் செருமுகிறார். தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறக்கிறார்கள். "அப்போ நம்ம வருக்கச் சக்கை, மலையோரத்துச் சக்கை, ஆரு கேக்குதியோ? என்னது, அம்பதா? எலே, அம்பது ரூவாய்க்கு இதுக்க மணம்கூடக் கிட்டாது." பெட்டி சிரிக்கிறது. அண்ணனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. முகம் பிறகுதான் வரும். முதலில் குரல், அதோடு அந்த மணம்.

நாங்கள் சீசன் டிக்கட்காரர்கள். காலையில் பாறசாலையில் ஏறி, சாயங்காலம் பாறசாலையில் இறங்குகிறவர்கள். அண்ணனுக்குத் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. எங்களோடு ஒரு நர்ஸ் அக்கா உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவனும் உண்டு. என் வயதுக்காரன், ஊர் காஞ்சிரங்குளம். அவன் நெய்யாற்றின்கரையில் இறங்க வேண்டியவன். ஆனால் ஏல நாளில் மட்டும் பாறசாலை வரை வந்துவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போவான். நான் அப்போது ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். வேலை நிரந்தரமில்லை, மனமும் ஓரிடத்தில் நிற்காது. யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் அவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணன். பாறசாலை ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு அவருக்காகக் காத்து நிற்கும் அவர் மனைவி எங்களுக்கு மைனி.

ஆரியங்கோடு தாண்டி வெள்ளறடைக்குப் போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் படுக்கையில் விழுந்துவிட்ட சிலரை அங்கே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அக்கா விடுமுறை நாட்களில் அங்கே புண் கழுவிக் கட்டப் போவார். அவர் சொல்லித்தான் எங்களுக்கு அந்த வீடு தெரியும். தொடக்கத்தில் மாதம் பிறந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அக்கா கையில் கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லா நண்பர் கூட்டத்திலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. முதல் மாதம் எல்லோரும் கொடுத்தார்கள், அடுத்த மாதம் சிலர் மறந்தார்கள், பிறகு ஞாபகப்படுத்துவதற்கே அக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. அப்போதுதான் அண்ணன் தன் சபையின் ஏலத்தை ரயிலுக்குள் கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்துப் பழைய மிஷன் சபைகளில் அறுப்புப் பண்டிகை அன்று மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கோழி, வாழைக்குலை என்று ஆளாளுக்கு வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். லேலம் என்றுதான் சொல்வோம். ஒரு கோழிமுட்டை ஆயிரம் ரூபாய்க்குப் போவதெல்லாம் அங்கே சாதாரணம். அவர் சபையில் லேலம் விளிப்பது, அதாவது ஏலம் கூவி நடத்துவது, அண்ணன்தான். நான் சைவக் குடும்பத்துப் பெண். அந்த ஏலத்தை மதிலுக்கு வெளியே நின்று கேட்டு வளர்ந்தவள். ரயிலில் அது நடக்கப்போகிறது என்றதும் என்னைப் பிடிக்க முடியவில்லை.

விதிகளை அண்ணனே வகுத்தார். மாதம் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். பாலராமபுரம் தாண்டியதும் ஏலம் தொடங்கும், நெய்யாற்றுப் பாலத்தை வண்டி கடந்து முடியும்போது முடிந்துவிடும். கேட்டவர்கள் எல்லோரும் தாங்கள் கடைசியாகச் சொன்ன தொகையைக் கொடுத்தாக வேண்டும். பொருள் மட்டும் எல்லோருக்கும் மேலே கேட்டவருக்கு. அதையும் அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டு வீட்டுக்குத் தானே சுமந்துகொண்டு போய், அங்கே கிடப்பவர்களோடு இருந்து தின்றுவிட்டு வர வேண்டும். விளிக்கிறவர் கேட்கக் கூடாது. "பணம் மட்டும் போனாப் போதும்ணா போஸ்டாபீசு போதுமே. ஆளு போவணும் மக்கா, ஆளு" என்பார்.

அன்று வண்டிக்கு வராதவர் பேரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும் ஒரு விதி. விழுந்தால் அது அவர் தலையில். பணமும் அவர் கொடுக்க வேண்டும், பொருளையும் அவர் சுமக்க வேண்டும். இந்த விதிக்குப் பயந்தே ஏல நாளில் யாரும் லீவு எடுக்க மாட்டார்கள். ஒருமுறை இன்சூரன்ஸ்காரன் காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினான். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணுதான் இருந்தேன். எம்பேரில கோழி விழுந்துடும்ணு பயந்தாக்கும் இங்க வந்தேன்" என்றான். அன்று அவன் ஒரு தொகை சொன்னதும் நாங்கள் எல்லோரும் கேட்பதை நிறுத்தி, கோழி அவன் பேரிலேயே விழும்படி பார்த்துக்கொண்டோம்.

எனக்கோ இதை இப்படியே விட மனமில்லை. டிரஸ்ட் பதிவு செய்யலாம், லோகோ போடலாம், மற்றப் பெட்டிகளிலும் கிளை தொடங்கலாம் என்று மாதம் ஒரு திட்டத்தோடு வருவேன். அண்ணன் முழுக்கக் கேட்பார். கடைசியில், "பதிஞ்சா ஆபீசு வேணும். ஆபீசு வந்தா பேனு வேணும். பேனு வந்தா அதுக்க கீழ ஒருத்தன் இருந்து ஒறங்குவான். அவனுக்குச் சம்பளம் குடுக்க நாம இன்னொரு சக்கை விக்கணும்" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அடுத்த ஏலத்துக்கு முதல் ஆளாக நான்தான் இடம் பிடித்து வைத்திருப்பேன்.

ஒரு ஜூன் மாதம். இன்சூரன்ஸ்காரனின் தங்கைக்கு நிச்சயதார்த்தம், அவன் வரவில்லை. அவன் பேரில் கேலியாகக் கேட்கத் தொடங்கி, சக்கை அவன் பேரிலேயே விழுந்தது. பணத்தை அவன் அன்றே போனில் அனுப்பிவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய விருந்தாளிகள். அவனால் போக முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னான். "அதுக்கென்ன, நான் கொண்டு குடுக்கேன். நீ தங்கச்சிக் காரியத்தப் பாரு" என்று அண்ணன் சொன்னாராம். மழையில், ஆரியங்கோடு தாண்டிய ஒரு வளைவில் ஸ்கூட்டர் சறுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும் வழியிலேயே அண்ணன் போய்விட்டார்.

சக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் அதை ரப்பர் தோட்டத்திலிருந்து எடுத்து, அண்ணனின் செருப்போடும் ஹெல்மெட்டோடும் அவர் வீட்டில் கொண்டு சேர்த்துவிட்டார். துக்க வீட்டில் அது எங்கே கிடக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை. அடக்கத்துக்கு முன்பே அது பழுத்துவிட்டது. அங்கே பாட்டுப் பாடியபோதும், ஜெபம் செய்தபோதும், நாங்கள் மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதும், வீடு முழுக்க அந்த மணம் நிறைந்திருந்தது. அத்தனை இனிப்பான மணம். பூக்களை மீறி, ஊதுபத்தியை மீறி வந்துகொண்டேயிருந்தது. கடைசியில் மைனிதான் எழுந்து, கட்டிலுக்கடியில் இருந்து சாக்கை இழுத்து வெளியே எடுத்தார். எங்களைப் பார்த்தார். யாருக்காக அண்ணன் போனார் என்பது அவருக்குத் தெரியும். இன்சூரன்ஸ்காரன் சுவரோடு ஒட்டி நின்றான். அவனை அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்குமாகச் சொன்னார்: "இனி அவருக்க பேர அந்த வண்டியில ஆரும் சொல்லப்பிடாது. கேட்டியளா? சொல்லப்பிடாது."

நாங்கள் சொல்லவில்லை. ஏலமும் நடக்கவில்லை. அண்ணன் இருந்த ஜன்னலோரத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் நாங்கள் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்ப்போம். பாலத்தில் ஏறும்போது வண்டியின் ஒலி மாறும். மண்ணின் மேல் தடதடத்து வந்தது திடீரென்று அடியில் ஒன்றுமில்லாதது போல் கேட்கும். அந்த இடத்தில் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு தானாக நிற்கும். நான் போனைப் பார்ப்பேன், அக்கா பையில் எதையோ தேடுவார், ஏலம் இல்லாமலே தினமும் பாறசாலை வரை வரத் தொடங்கியிருந்த இன்சூரன்ஸ்காரன் கதவருகே நின்று ஆற்றைப் பார்ப்பான். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று மூன்று பேருக்கும் தெரியும். பாலம் முடியும். ஒன்றும் கேட்காது. பிறகு மெல்ல மூச்சு விடுவோம். பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாக டீச்சருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். யாரும் அங்கே போகவில்லை, அக்கா உட்பட.

ஓணம் நெருங்கும்போது நர்ஸ் அக்கா ஒரு நேந்திரக் குலையோடு வண்டியில் ஏறினார். "டீச்சர் விளிச்சாங்க. 'பணம் வருது, ஆளு வரல்லியே'ண்ணு கேட்டாங்க. எனக்குச் சொல்ல நாவு எழும்பல்ல" என்றார். குலையை மேல் பலகையில் வைத்தார். யார் விளிப்பது? நான்தான் எழுந்தேன். எதிலும் முந்திக்கொள்கிற என் சுபாவம். அன்று அது எல்லோருக்கும் உபகாரமாக இருந்தது. அண்ணனைப்போல் எனக்கு விளிக்க வரவில்லை. ஆனாலும் நூறு, இருநூறு என்று வரத் தொடங்கியது. யாரோ ஒரு பகடி சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த மூலை மூச்சு விட்டது. அப்போது மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பழைய கூட்டாளி ஒருவர், தலையை நிமிர்த்தாமலே, பழக்கத்தில் சொன்னார்: "வராதவங்க பேரில ஆயிரம்."

"ஆரு இன்னைக்கு வரல்ல?" என்று கேட்டுக்கொண்டே நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள்.

சொன்னவர் போனைக் கீழே இறக்கினார். நான் ஆயிரம் என்று ஒருமுறை சொன்னேன். மேலே யாராவது ஒரு பத்து ரூபாய் கூட்டிக் கேட்டிருந்தால் போதும், முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு எதிராக நின்று எப்படிக் கேட்பது? இன்சூரன்ஸ்காரனின் வாய் அசைந்ததைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. அதற்குள் பாலம் வந்தது. பாலம் முடிந்தது.

"அழிச்சிருவோம். தெரியாமச் சொன்னதுதான?" என்றார் அக்கா. அப்போதுதான் இன்சூரன்ஸ்காரன் பேசினான். ஜூனுக்குப் பிறகு அந்த வண்டியில் அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "எம்பேரில விழுந்தப்போ அவரு அழிச்சாரா அக்கா? விழுந்தது விழுந்ததாக்கும். மைனிகிட்ட போய்ச் சொல்லுவோம்."

நாங்கள் குலையைச் சுமந்துகொண்டு போய் வாசலில் நின்றபோது மைனி கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தார். குலையைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அத்தனை வருடம் அண்ணனோடு வாழ்ந்தவர் அல்லவா?

"ஆருக்க பேரில?"

இன்சூரன்ஸ்காரன் சொன்னான்: "அண்ணனுக்க பேரில."

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"ஆரும் பேரு சொல்லல்ல மைனி. வராதவங்க பேரிலண்ணுதான் சொன்னோம். பாத்தா, அவரு மட்டுந்தான் வரல்ல."

கூட்டின் கதவைச் சாத்தி, மைனி வெகுநேரம் அதன் மேல் கையை வைத்தபடி நின்றார். குலையை எடுத்து வெளியே எறிவார் என்றுதான் நினைத்தேன். எறிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. அந்த மூலையும், அந்த ஓட்டு வீடும், எங்களுக்குள் இருந்ததும். அவர் குலையின் அருகே வந்து ஒரு காயை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குப் பழுத்துரும்" என்றார். "விழுந்தவன் கொண்டு குடுக்கணும். அதாக்கும் உங்க சட்டம். அவரு போவ முடியாது, நான் போறேன். ஆயிரத்தையும் நான்தான் தருவேன். நீங்க ஆரும் கையப் பைக்குள்ள விடாண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டோ பிடித்துப் போனோம். பின்னால் மைனியும் அக்காவும் நானும், மைனியின் மடியில் குலை. முன்னால் டிரைவர் பக்கத்தில் இன்சூரன்ஸ்காரன். ஆரியங்கோடு தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் மைனியின் கை குலையின் தண்டை இறுக்கிப் பிடித்தது, பிறகு தளர்ந்தது. அந்த இடம் எது என்று அவர் கேட்கவில்லை. எங்களில் யாரும் காட்டவும் இல்லை.

வாசலில் டீச்சர் எங்களை நிறுத்தி, மலையாளத்தில் ரகசியமாகச் சொன்னார்: "இவரோடு பறஞ்ஞிட்டில்ல கேட்டோ. ஸ்தலமாற்றம் ஆயிப் போயி என்னு பறஞ்ஞிரிக்கயா." உள்ளே கிடப்பவர்களுக்கு அண்ணன் இறந்தது தெரியாது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மைனி உள்ளே போய் பழத்தைச் சீப்புச் சீப்பாக அறுத்து ஒவ்வொரு கட்டிலிலும் வைத்தார். யாரும் தின்னவில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொருள் யார் பேரில் வந்ததோ அந்தப் பேரை முதலில் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ அவரவர் தெய்வத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகுதான் தின்பார்கள். கடைசிக் கட்டிலில் கண் போன ஒரு பெரியவர். கேட்பது அவர்தான்.

"ஆருக்க பேரிலயாக்கும் குலை?"

டீச்சர் எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இன்சூரன்ஸ்காரன் முன்னால் வந்தான். "எம்பேரில, தாத்தா."

"கள்ளம் பறையாத எலே. லேலத்தில குலை பிடிச்சவனுக்க சத்தமா இது? ஆடு களவு போனவன் மாதிரியில்லா பேசுத."

யாரோ சிரித்தார்கள். மைனி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அண்ணனின் பேரை, வீட்டுப் பேரோடும் அப்பா பேரோடும் சேர்த்து, முழுதாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தப் பேரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை. வண்டியில் சொல்லலாம் என்று மைனி எங்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

"அவனா?" என்றார் பெரியவர். "விளிக்கியவன் பேரில விழாதே?"

"அண்ணைக்கு அவரு விளிக்கல்ல. வண்டிக்கு வரல்ல."

பெரியவரின் கை பழத்தின் மேலேயே நின்றது. "இனி வருவானா?"

"வரமாட்டாரு."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர், "மாற்றம்ணு சொன்னப்பவே நான் நம்பல்ல. மாற்றம் கிட்டினவன் வந்து ஒரு வாக்கு சொல்லீட்டுத்தான் போவான்" என்றார். "நீ உரக்கச் சொல்லு மக்கா. அந்த அற்றத்துக் கட்டிலில கிடக்கியவளுக்குக் காது மந்தமாக்கும்."

மைனி உரக்கச் சொன்னார். கட்டில்களிலிருந்து அந்தப் பேர் திரும்பி வந்தது. பாதி நாக்கு செயலிழந்தவர்களின் வாயிலிருந்து, மூச்சிழுப்புக்கு நடுவே, ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாகச் சிதைந்து, ஒரே நேரத்தில் வராமல் ஒன்றன் பின் ஒன்றாக. அத்தனை மாதமும் பாலத்தின் மேல் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது அவர் குரலுக்கு. இங்கே அவர் குரல் இல்லை, பேர் மட்டும் கட்டிலுக்குக் கட்டில் நகர்ந்து போயிற்று. பிறகு எல்லோரும் தின்னத் தொடங்கினார்கள்.

திரும்பும் வழியில் மைனி முன்னால் குனிந்து இன்சூரன்ஸ்காரனின் தோளைத் தொட்டார். "எங்க வச்சு நடந்தது?"

"வருது மைனி" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "இங்க" என்றான். ஆட்டோ நின்றது. அவன் தேடவே இல்லை. இடத்தை மனப்பாடமாக வைத்திருந்தான். ரப்பர் மரத்தடியில் ஒரு கல்லைக் காட்டினான். உட்கார்ந்து உட்கார்ந்து அதைச் சுற்றிப் புல் தேய்ந்திருந்தது. நாங்கள் யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இந்த இடம் வரை வந்து, அந்த வீட்டுக்குப் போகவும் மாட்டாமல், திரும்பவும் மாட்டாமல் இங்கேயே இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது.

மைனி இறங்கிச் சாலையின் நடுவில் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சின்ன வளைவு. இறக்கம்கூட இல்லை. ஓர் ஆடு கட்டியிருந்தது. சைக்கிளில் போன ஒருவர் மணியடித்து விலகிப் போனார்.

"இவ்வளவுதானா?" என்றார் மைனி. "நான் பெரிய பாதாளம்ணு நெனச்சிருந்தேன். கண்ண மூடினா அதுக்குள்ளதான் விழுந்துட்டே கெடப்பேன். இது வெறும் ரோடுல்லா?"

அவர் அந்தக் கல்லையும், அதைச் சுற்றித் தேய்ந்திருந்த புல்லையும் பார்த்தார். பிறகு இன்சூரன்ஸ்காரனைப் பார்த்தார். அடக்கத்தன்று சுவரோடு ஒட்டி நின்றவனை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இனி நீ ஒத்தைக்கு இங்க வராத" என்றார். "வாறதா இருந்தா என்னையும் விளி."